உப்புப் போடாத நாள்

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரம் என்றபடியால் உன் கடிதம் வழியில் எங்கும் படுத்து உறங்காமல் வந்து சேர்ந்தது. உன் அப்பா கண்ணாடி போடாமலே வாசிக்கிறேன் என்று வீம்புக்குத் தாளை மூக்கிலிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்து, கடைசியில் முற்றத்துக்கே போய்விட்டார். பிறகு நான்தான் வாசித்துக் காட்டினேன். மலைநாட்டில் பெரிய ஹோட்டல் கட்டுகிற பொறுப்பை உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்ற இடத்தில் அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். புழுக்கமாம். அடிக்கல் நாட்ட நல்ல நாள் பார்த்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். அன்று பின்னேரமே சாத்திரியாரிடம் போய் நாள் எடுத்துவிட்டேன். அது இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும், உடனே தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கப் போவாய். பார்க்காதே. இதற்குள் நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

நீ அந்த மலையைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்கே அங்கே போய் நிற்க வேண்டும் போல இருந்தது. உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பங்களா, அதைப் பார்க்கவே எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வருகிறது, அந்தப் பங்களாவைச் சுற்றித்தான் ஹோட்டல் எழும்பப் போகிறது, விளிம்பில் ஒரு நீச்சல் குளம், அதில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் தெரியும், கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயங்கள் தீப்பெட்டி அளவில் இருக்கும் என்று எழுதியிருந்தாய். லயத்துச் சனம் தண்ணீர் எடுப்பது மலை ஊற்றுத் தண்ணீர் குழாயால் விழுகிற ஒரு பீலியில் என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். உன் அப்பா, "மிச்சத்தை வாசியுமன், ஏன் நிப்பாட்டினீர்?" என்று கேட்டார்.

எங்களுக்கும் ஒரு மலை இருந்தது. மலை என்றால் சிரிப்பாய். கீரிமலைக்குச் சுற்றுலா வந்த கண்டிப் பக்கத்துச் சனம் பஸ்ஸால் இறங்கி, நாலாபுறமும் பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்று கேட்பார்கள். உன் அப்பா எங்கள் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று, "நீங்கள் நிக்கிறதுதான்!" என்பார். ஒரு பனை உயரம் வருமோ என்னவோ. ஆனால் தட்டையான யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அது மலைதான். சண்டிலிப்பாயிலிருந்து கலியாணம் கட்டி வந்த புதிதில், அந்தச் சுண்ணக்கல் மேட்டில் ஏறி நின்று முதன்முதல் கடலைப் பார்த்தபோது எனக்குக் கால் கூசியது. எங்கள் ஊரில் புகையிலைத் தோட்டத்தின் முடிவில் இன்னொரு புகையிலைத் தோட்டம் இருக்கும். இங்கே நிலம் முடிந்தே போய்விட்டது.

அதைவிட, அன்று உன் அப்பா என்னைப் படியால் இறக்கிக் கேணியடிக்குக் கூட்டிப்போனதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் அலை வந்து அடிக்கிறது, துமி முகத்தில் தெறிக்கிறது, நாக்கால் நக்கினால் உப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் கல் வெடிப்புக்குள்ளிருந்து தண்ணீர் குளிர்ந்து ஊறி வருகிறது. "வாயிலை விட்டுப் பாரும்," என்றார். விட்டேன், நல்ல தண்ணீர். ஒரு சுவர், அதுவும் மனிதர் கட்டின சுவர், அவ்வளவுதான் நடுவில். கீரி முகம் கொண்ட முனிவருக்கு அங்கே குளித்து மனித முகம் வந்தது, குதிரை முகம் கொண்ட அரசகுமாரிக்கு அழகு முகம் வந்தது என்று ஊர் சொல்வதை அதற்கு முன் நான் கதையாகத்தான் கேட்டிருந்தேன். அன்று நம்பினேன். கடலின் வாய்க்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறுமானால் முகம் மாறுவதா பெரிய காரியம்? அங்கே இருந்த வருடங்களில் ஒரு நாள்கூட அந்த வியப்பு எனக்குத் தேய்ந்ததில்லை. விடியப்புறம் கடை திறக்கப் போகும்போதெல்லாம் கேணியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன்.

கடையின் சமையல் எப்படி என்று நீ கண்டிருக்கிறாய், ஆனால் கவனித்திருக்க மாட்டாய். எங்களுடைய முக்கியமான ஆட்கள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள். வீட்டில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் கீரிமலைக்கு வந்து, சாம்பலைக் கடலில் கரைத்து, கேணியில் முழுகி, கிரியை முடித்துவிட்டு, ஈரம் காயாத வேட்டியோடு வந்து இருப்பார்கள். அவர்களுக்கான சோறு முதலில் செத்தவருக்குப் படைக்கிற சோறு. ஆகையால் சமைக்கிறவள் அதை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. கொதியை மணந்து பார்க்கலாம், கையால் பதம் பார்க்கலாம், நாக்கில் வைக்கக்கூடாது. உப்பு முழுக்கக் கைக்கணக்கு. இந்தக் கை, தம்பி, எத்தனை பானைக்கு எத்தனை பிடி என்று யாரையும் கேட்டதில்லை. சமையல் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போய், வீட்டுக் கிணற்றில் குளித்துவிட்டு, வீட்டில் ஆக்கினதைத்தான் சாப்பிடுவேன். கடைச் சோறு என் வாயில் பட்டதே இல்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. சனம் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டதும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அப்படி இருக்கிற காலத்தில்தான் மேட்டில் ஹோட்டல் வந்தது. நீ அப்போது கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுபெத்தையில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது சுவர் எழும்புவதைப் பார்த்து, "நல்லாக் கட்டுறாங்கள் அம்மா" என்று சொன்னது நினைவிருக்கிறதா? உண்மையில் நன்றாகத்தான் கட்டினார்கள். மேட்டின் மேலிருந்த பனைகளைத் தறித்து, தெருவை அகட்டித் தார் போட்டு, கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடியாலேயே ஒரு சுவர் வைத்தார்கள். பின்னேர வெயிலில் அந்தக் கண்ணாடி எரிவதைப் பார்க்கவென்றே கொழும்புத்துறையிலிருந்தெல்லாம் சனம் சைக்கிளில் வந்தது. உள்ளே நீச்சல் குளமாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கேணி, இவை காணாதென்று நடுவில் இன்னொரு குளம்! சிரித்தோம். ஆனால் முதல்நாள் இரவு அங்கே விளக்குப் போட்டபோது நானும் வாயைப் பிளந்து பார்த்தவள்தான்.

ஊர் மாறியது. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், தெற்கிலிருந்து காரில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பனங்கட்டிக் குட்டான் விற்ற கிழவி சங்கும் சோழியும் விற்கத் தொடங்கினாள். மேட்டால் கேணிக்கு இறங்குகிற பழைய ஒற்றையடிப் பாதையை ஹோட்டல் மதில் மூடிவிட்டது. சாம்பல் பானையோடு வருகிறவர்கள் சுற்றி வரவேண்டியிருந்தது. படியில் பானை தூக்கிய பிள்ளையும் கமரா தூக்கிய வெள்ளைக்காரனும் எதிரெதிரே வந்து, யார் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றதைக் கண்டிருக்கிறேன். அந்த வெள்ளைக்காரன்தான் பிறகு தொப்பியைக் கழற்றி ஒதுங்கினான். அவனிலும் பிழை இல்லை. எங்கள் கடைக்கும் சாரதிமார் சாப்பிட வந்தார்கள். இரண்டாவது அடுப்பு வைத்தோம். உன் புத்தகத்துக்கும் அறை வாடகைக்கும் அனுப்பியது அந்த அடுப்பிலிருந்துதான். ஹோட்டல் கூடாதென்று நான் எழுத வரவில்லை என்பது உனக்கு விளங்க வேண்டும்.

மாசி, பங்குனி அளவில் உன் அப்பா தொடங்கினார். "இஞ்சேரும், கறியிலை உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார். சரி, ஒரு பிடியில் கொஞ்சம் குறைத்தேன். பிறகு ஒரு சாரதி சொன்னான். பிறகு அந்தியேட்டி செய்விக்கிற சைவக்குருக்கள், பாவம், வாய் திறந்து குறை சொல்லாத மனுசன், மோரை இரண்டாம் தரம் வாங்கிக் குடித்துவிட்டு, "பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் ஏலாதோ?" என்று கேட்டார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. தேத்தண்ணியைச் சனம் பாதியில் வைத்துவிட்டு எழும்பியது. தேத்தண்ணி போடுவது உன் அப்பா. அவர் ஆட்டுப்பாலைத் திட்டினார், சீனியை அள்ளிக் கொட்டினார். பாலைத் திட்டலாம், சீனியைத் திட்டலாம், என் கையையும் திட்டலாம். கீரிமலைத் தண்ணீரை மட்டும் யாருக்கும் திட்டத் தோன்றவில்லை. கடைக் கிணறு கேணிக்குப் பக்கத்தில், அதே கல் வெடிப்பின் ஊற்று. அதில் குறை இருக்குமென்று நினைக்கிறவன் எங்கள் ஊரில் பிறக்கவே மாட்டான். கடற்கரையோரத் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றில் கடல் உப்பு வந்து சவர் ஏறும் என்று தெரிந்த சனம்தான். ஆனால் அது தோட்டத்துக் கிணறு. இது கீரிமலை.

நான் உப்பைக் குறைத்துக்கொண்டே போனேன், அவர்கள் கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கடைசியில் உன் அப்பா ஒருநாள், சாரதிமார் இருக்கும்போதே, சிரித்துக்கொண்டு, "மனுசிக்கு வயது போகுது, கையிலை நிதானம் இல்லை," என்றார். தம்பி, என் கோபம் உனக்குத் தெரியும். கிரியைச் சாப்பாடு ஒன்றும் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, சோற்றுக்கும் போடவில்லை, பருப்புக்கும் போடவில்லை, கத்தரிக்காய்க் கறிக்கும் போடவில்லை. உப்புச் சாடியைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டேன். "உப்பில்லாமல் மனுசன் தின்னுறதோ?" என்று அவர் கத்தட்டும், அப்போது கேட்கிறேன் என் கையைப் பற்றி, என்று சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டு, தட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

அவர் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் மலர, "இண்டைக்குத்தான் அளவாயிருக்கு," என்றார்.

நான் அடுக்கி வைத்த சொல்லெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. சிரிப்பும் வரவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையால் ஏந்திக் குடித்தேன். அத்தனை மாதத்தில் அந்தத் தண்ணீரை முதல்முறையாக வாயில் விட்டது அன்றுதான். கடல் அதற்குள் வந்திருந்தது. கேணிக்கு ஓடினேன். கேணியிலும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. அலை அடிக்கிற சத்தம் வழக்கம்போலத்தான் கேட்டது, ஆனால் அன்று எனக்கு அது சுவருக்கு இந்தப் பக்கத்தில் கேட்பதுபோல இருந்தது. பயந்துபோனேன். யாரோ பெரியவரின் வீட்டில் களவு போனதை முதலில் கண்டவள்போல நின்றேன். அப்போதுதான் மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. ஹோட்டல் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மிஷின். அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் காது அதற்குப் பழகிப்போயிருந்தது.

செம்பில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். வாசல்காரன் விடவில்லை. "நான் மனேஜருக்குத் தண்ணி கொண்டுவாறன்," என்றேன். ஹோட்டலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பைத்தியக்காரி என்று நினைத்தோ என்னவோ விட்டுவிட்டான். மனேஜர் கொழும்புத் தமிழர், கழுத்துப் பட்டியோடு, நல்ல மரியாதையான பிள்ளை. கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் என்னை இருக்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் கடல் வீட்டுக்குள் வந்து விரித்த மாதிரிக் கிடக்கிறது. கீழே நீல நிறத்தில் நீச்சல் குளம், அதற்குக் கீழே எங்கள் கேணி சின்னதாய், பாசி நிறமாய். அழகுதான் தம்பி. அந்தக் கோபத்திலும் அந்தப் பயத்திலும் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது.

"என்னம்மா இது?" என்று கேட்டார்.

"குடிச்சுப் பாருங்கோ."

குடித்தார். முகம் சுளிக்கவில்லை, வளர்ப்பு அப்படி. செம்பை மெல்ல வைத்துவிட்டு, "எங்கட கிணறும் இப்ப இப்பிடித்தான் அம்மா. இஞ்சினியர் வந்து பாத்தவர். இன்னும் ஆழமா வெட்டினால் நல்ல தண்ணி வருமாம். அடுத்த மாதம் பெரிய மிஷின் வருது," என்றார்.

"தம்பி, பானையிலை சோறு முடிஞ்ச பிறகு இன்னும் ஆழமாச் சுரண்டினால் கரிதானே வரும்?"

"எனக்கு விளங்குது அம்மா. ஆனா நான் சம்பளத்துக்கு நிக்கிறவன்," என்றார். பிறகு ஐஸ் போட்ட தோடம்பழத் தண்ணி வருவித்துத் தந்தார். குடிக்கக்கூடாதென்று நினைத்துக்கொண்டே குடித்தேன். வெயிலில் ஏறி வந்தவளுக்கு அது அமிர்தமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு வெறும் செம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. பாதிச் சனம் ஹோட்டலால் சாப்பிடுகிற சனம். பெண்பிள்ளைகள் அங்கே துணி தோய்க்கிறார்கள், பெடியங்கள் வான் ஓட்டுகிறார்கள். மற்றப் பாதி, நான் சொன்னதையே நம்பவில்லை. நாவூறத் தேவாரம் படிக்கிற ஒரு பெரியவர் எழும்பி, "கீரிமலைத் தண்ணி சவராகிறதோ? உந்தக் கதையைக் கதையாதை பிள்ளை, வாய் அழுகிப்போம்," என்றார். கேணி பத்தடிக்குள் இருக்கிறது, போய் ஒரு கை குடித்துப் பார்க்க ஒருவரும் எழும்பவில்லை. குடித்தால் நம்ப வேண்டிவரும் என்று பயந்தார்களோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "மிஷினை நிப்பாட்டச் சொன்னால் ஹோட்டலைப் பூட்டிப்போட்டுப் போவாங்கள். பிறகு ஆர் வந்து உம்மடை சோத்தைச் சாப்பிடப் போகினம்? பெடியன்ரை படிப்பு?" என்று கேட்டார்.

"ஹோட்டல் வர முந்தியும் செத்தவைக்காக ஆக்கள் வந்தவைதானே?" என்று கேட்டேன்.

அவர் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார். ஆனால் அடுத்தநாள் விடிய, தேத்தண்ணிக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கிற விதம் அவருக்கு அது. நான் உப்புச் சாடியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

பெரிய மிஷின் வரப்போகிற அந்த மாதம்தான் அந்த எண்பத்துமூன்று ஆடி.

அந்த ஆடி உனக்கு எப்படி இருந்தது என்று நீ எங்களுக்கு முழுக்கச் சொல்லவில்லை, நாங்களும் கிண்டிக் கேட்கவில்லை. எங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் இப்போது சொல்கிறேன். கொழும்பு எரிகிறது, தமிழரை அடிக்கிறார்கள் என்று வானொலியும் வாய்ப்பேச்சும் சொல்லின. உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஹோட்டலிலிருந்த வெளியூர்ச் சனமெல்லாம் போய்விட்டது. மனேஜரும் கதவுகளைப் பூட்டிவிட்டுப் போனார். போகும்போது எங்கள் கடையைப் பார்த்து ஒருதரம் கை தூக்கினார். மறுநாள் விடியப்புறம் எழும்பினேன். ஏதோ ஒன்று இல்லை. என்ன இல்லை என்று பிடிபடவே சிறிது நேரம் எடுத்தது. மிஷின் சத்தம் இல்லை. அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோசம் வந்தது, தம்பி. நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாத விடியலில், பெற்றவளுக்கு, மிஷின் நின்றதென்று சந்தோசம். அடுத்த கணம் என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

நேரே கேணிக்குப் போனேன். தலையில் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டு, "என்ரை பிள்ளையைத் தா. உந்தத் தண்ணி கடலாகவே போகட்டும், நான் இனி ஒரு சொல்லுக் கேக்க மாட்டன்," என்று சொன்னேன். மண்டபத்தில் அவ்வளவு சண்டை பிடித்தவள், எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொடுத்துவிட்டேன். நேர்த்தி என்றால் நேர்த்தி. அதன் பிறகு கேணித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நான் வாயில் விடவில்லை. கொடுத்த பொருளை நக்கிப் பார்ப்பதா?

பிறகு, அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது என்றார்கள். உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலுக்கும் போனார், தனியே திரும்பி வந்தார். ஒருநாள் நான் கடையில் வெறும் அடுப்பின் முன்னால் இருக்கிறேன், சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பின்னால் கரியரில் யாரோ ஒருவருடைய பெரிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தாடியும் எலும்புமாக நீ. இறங்கினாய். என்னைப் பார்த்தாய், பிறகு நேரே கிணற்றடிக்குப் போனாய். வாளியை நீயே விட்டு அள்ளினாய். "குடியாதை, சவர்" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ வாளியைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தாய். இடையில் நிறுத்தி மூச்சு விட்டுவிட்டு மறுபடி குடித்தாய். மிச்சத்தைத் தலையில் ஊற்றினாய். பிறகு ஈரத்தோடு திரும்பி, "நீங்களும் குடியுங்கோவன் அம்மா, நல்ல குளிர்," என்றாய்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நீ அள்ளித் தந்ததை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். கலியாணம் கட்டி வந்த அன்று குடித்த அதே தண்ணீர். கல்லுக்குள் எங்கே போய் நின்றதோ, எப்படி வழி கண்டு திரும்பி வந்ததோ, கடலை யார் பின்னுக்குத் தள்ளினார்களோ, எனக்குத் தெரியாது. நீ படித்தவன், மேலே நல்ல தண்ணீர் அடியில் உப்புத் தண்ணீர், இறைப்பு நின்றால் மட்டம் எழும்பும் என்று சொல்வாய். சொல்லு, கேட்கிறேன். ஆனால் நான் கேட்டது ஒன்று, மற்றதைக் கொடுத்தாயிற்று. ஒரே வாளியில் இரண்டும் வந்து நின்றதே, அதற்கு உன் படிப்பில் என்ன பெயர்? கிணற்றுக் கட்டில் இருந்து குழறி அழுதேன். நீ வந்து என் முதுகைத் தடவினாய். உனக்காக மட்டும் அழுகிறேன் என்று நினைத்திருப்பாய். நல்ல பங்கு உனக்குத்தான். ஆனால் முழுவதும் உனக்கில்லை, கோபிக்காதே.

அந்த ஹோட்டல் பிறகு திறக்கவே இல்லை. நீச்சல் குளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, மாரியில் தவளை கத்தியது. கண்ணாடிச் சுவர் ஷெல் அடியில் கொட்டுண்டது. தொண்ணூறில் நாங்களும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு வந்துவிட்டோம். அங்கே இப்போது ஆமி இருக்கிறது, ஊர்ச்சனம் ஒருவரும் போக முடியாது. அந்தியேட்டியை வேறு எங்கோ கடற்கரையில் செய்கிறார்கள், குளிக்கக் கேணி இல்லாமல். என்றாலும் அந்தக் கல் வெடிப்புக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இங்கே நான் இன்னும் அந்தக் கைக்கணக்கில்தான் உப்புப் போடுகிறேன். உன் அப்பா இப்போதும் இடைக்கிடை, "உப்புக் கூடிப்போச்சப்பா," என்பார். நான் அவரோடு வாய் கொடுப்பதில்லை. அகப்பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், முதலில் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பேன். சுற்றிவரப் புகையிலைத் தோட்டம், எல்லாரும் மிஷின் வைத்து இறைக்கிறார்கள். இதுவரை தண்ணீரில் பிழை இல்லை. உன் அப்பாவின் நாக்கில்தான் பிழை.

உன் மலையில் உப்பு ஏறாது என்று எனக்கும் தெரியும், கடல் எங்கே, அது எங்கே. மேலே ஹோட்டல் இறைக்க இறைக்க, அங்கே பீலி மெலியும். குடம் நிரம்ப முந்தியைவிட நேரம் எடுக்கும். அப்போது லயத்தில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "தண்ணிக்குப் போனவள் அங்கே நின்று கதை அளக்கிறாள்" என்று சொல்வார்கள். புருசன் சொல்வான், மாமி சொல்வாள். அவளும், நாம்தான் சுணங்கிவிட்டோமாக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வேளைக்கு எழும்புவாள். மேலே நிற்கிற உனக்குப் பள்ளத்தாக்கு அழகாகத்தான் தெரியும். கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நீ கட்டுவது நன்றாக இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் கட்ட முந்தி ஒருநாள் கீழே போய் அவர்களோடு ஒருநேரம் சாப்பிடு. கட்டி முடிந்த பிறகும் போய்ச் சாப்பிடு. குளத்தை நிரப்புவதற்கு மழைத் தண்ணீரை மறித்துச் சேர்க்கலாமோ, வேறு வழி உண்டோ, அதெல்லாம் நீ படித்த படிப்பு. உனக்குச் சம்பளம் தருகிறவர்கள் சம்மதிக்காவிட்டால், அந்த மனேஜர் பிள்ளை சொன்ன பதிலை மட்டும் நீ சொல்லாதே. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு படி இறங்கினவள் உன் தாய்.

சரி, நாள். வைகாசி வளர்பிறையில் பூரணைக்கு முன் வருகிற வியாழக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். சாத்திரியார் உன் சாதகத்தை வைத்துப் பார்த்து, நல்ல நாள், நீண்ட நாள் நிற்கிற கட்டிடம் என்று சொன்னார். அடிக்கல் குழிக்குள் நவதானியம் போட்டுத் தண்ணீர் விடுவார்கள், உனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைக் குழாயில் பிடியாதே, வேலைக்காரரை விட்டு எடுப்பிக்கவும் வேண்டாம். விடிய எழும்பி ஒரு செம்பை எடுத்துக்கொண்டு, மலையால் இறங்கி, பீலியடிக்கு நீயே போ. அங்கே முதலில் வந்து நிற்கிற பெண்ணிடம் கேட்டு, அவள் கையால் வாங்கிக்கொண்டு ஏறு. அவளுடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

அம்மா